'மூன்' செய்தவர்களின் மற்ற விளையாட்டுகள்

வணக்கம் நண்பரே. நின்டெண்டோ ஸ்விட்சில் 'மூன்' விளையாட்டை முடித்துவிட்டு, அதை அங்கே வெளியிட்ட ஆனியன் கேம்ஸ் பெயரில் தேடினால் அதே ஆட்களின் பழைய விளையாட்டுகள் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பெயரில் கிடைக்காது. 1997-ல் பிளேஸ்டேஷனுக்கு மூனைச் செய்தது லவ்-டெ-லிக் என்ற கம்பெனி. ஸ்கொயர் என்ற பெரிய விளையாட்டு நிறுவனத்திலிருந்து வெளியே வந்த கெனிச்சி நிஷி முதலானோரின் சின்னக் குழு. மூன்றே விளையாட்டுகள், 2000-த்தோடு கலைந்துவிட்டார்கள்.

மீதி இரண்டு, 'யுஎஃப்ஓ' (1999), 'லாக் ஆஃப் லவ்' (2000). இரண்டுமே ஜப்பானில் மட்டும் வந்தவை. சேகாவின் டிரீம்காஸ்ட் கருவியில் வந்த 'லாக் ஆஃப் லவ்'வை முதலில் தேடிப் பிடியுங்கள். வசனம் கிட்டத்தட்ட கிடையாது, ஜப்பானிய மொழி தெரியாமலே ஆடலாம். ஒரு சின்ன உயிரியாகப் பிறந்து, மற்ற உயிர்களுக்கு உதவித்தான் அடுத்த உருவத்துக்கு மாற முடியும். இசை ரியூச்சி சகாமோட்டோ! மூனில் நாயகன் கொன்றுபோட்ட மிருகங்களின் ஆன்மாவைப் பிடித்தோமே, அந்த மனசு இதிலும் இருக்கிறது.

அதன் பிறகு கம்பெனியை விட்டுவிட்டு ஆட்களைத் தேடுங்கள். நிஷி ஸ்கிப் நிறுவனத்தில் 'சிபி-ரோபோ' செய்தார். இப்போது ஆனியன் கேம்ஸை நடத்தும் யோஷிரோ கிமுராவும் லவ்-டெ-லிக் ஆள்தான். அவருடைய 'சுலிப்' பிளேஸ்டேஷன் 2-வில் ஆங்கிலத்திலேயே இருக்கிறது.