கால்வாய் ஓரம் மேய்ந்த கன்றுக்குக் கண் தெரியவில்லை

கேள்வி: மலேசியாவில், நிபோங் திபாலில் எட்டு மாடுகளும் கொஞ்சம் கீரையும் வைத்திருக்கிறேன். பக்கத்துக் கொட்டகையில் பழைய கார் பேட்டரிகளை உடைக்கிறார்கள். கழிவு எங்கள் கால்வாயில்தான் இறங்குகிறது. மூன்று நாளாக ஒரு கன்று பல்லைக் கடிக்கிறது, கண் தெரியாமல் சுவரில் முட்டுகிறது. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. கொதிக்க வைத்துக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. பழைய கார் பேட்டரிக்குள் இருப்பது ஈயம், அது கொதித்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும். தெளிவை வைத்தும் முடிவு செய்ய முடியாது, கரைந்த ஈயம் கண்ணுக்குத் தெரியாது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஈய நஞ்சுக்குப் பொருந்துகின்றன. தண்ணீரைவிட ஓரத்துச் சேறும் பேட்டரித் துண்டுகளும்தான் எனக்குப் பெரிய பயம். கன்றுகள் எதையும் நக்கிப் பார்க்கும். விழுங்கிய துண்டு இரண்டாம் வயிற்றில் தங்கி, நாள்கணக்கில் ஈயத்தை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். எல்லா மாடுகளையும் இப்போதே அங்கிருந்து நகர்த்தி, குழாய்த் தண்ணீர் கொடுங்கள். கால்நடை மருத்துவர் இன்றே வர வேண்டும். ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் ஊசி இருக்கிறது, தாமதித்தால் பலன் குறையும். வைட்டமின் பி1 குறைவும் வெறிநோயும்கூட இப்படித்தான் தெரியும். அதனால் இரத்தப் பரிசோதனை கேளுங்கள், வெறுங்கையைக் கன்றின் வாய்க்குள் விடாதீர்கள். நன்றாக இருக்கும் மாடுகளின் இரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை பாலை விற்க வேண்டாம், வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம். மாட்டை இறைச்சிக்கும் அனுப்பாதீர்கள். ஈயம் பாலில் இறங்கும், ஈரலிலும் சிறுநீரகத்திலும் எலும்பிலும் தங்கும். வருமானம் நிற்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

கீரைக்கும் அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள். ஈயம் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். மழையில் அந்த மண் தெறித்து இலையில் படியும். மண்ணையும் இலையையும் சோதிக்காமல் இந்த அறுவடையைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம், புகார். ஈய அமிலப் பேட்டரிக் கழிவு மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணைக் கழிவு, அதாவது ஆபத்தானது என்று பட்டியலிட்ட கழிவு, குறியீடு எஸ்டபிள்யூ 102. உரிமம் இல்லாத இடத்தில் உடைக்கவோ கால்வாயில் விடவோ கூடாது. கழிவு இறங்கும் இடத்தைத் தேதியோடு படம் எடுத்து, சுற்றுச்சூழல் துறைக்கு 1-800-88-2727 எண்ணில் சொல்லுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் போத்தல்களில், கழிவு சேரும் இடத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தண்ணீர் பிடித்து வையுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் கழிவு எங்கிருந்து வருகிறது என்று காட்ட முடியும். கால்வாய் ஓடும் திசையில் கீழே கிணறு வைத்திருப்பவர்களிடமும் இன்று மாலைக்குள் சொல்லிவிடுங்கள்.