முறிந்த எலும்பு கூடுவதற்கு மருந்து: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: அப்பாவுக்குக் கீழ்க்கால் எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் ஆகிறது. எலும்பு இன்னும் முழுதாகக் கூடவில்லை என்கிறார்கள். கால்சியம், வைட்டமின் டி, கே2, கொலாஜென் எல்லாம் கலந்து "எலும்பை விரைவில் கூட்டும்" என்று ஒரு மூன்று மாதப் பொதி விற்கிறது. விலை அதிகம். வாங்கலாமா?

வாங்க வேண்டாம். முதலில் ஆறு வாரக் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். மணிக்கட்டு எலும்பு கூடுவதற்குத்தான் ஏறக்குறைய ஆறு வாரம். கீழ்க்கால் எலும்புக்கு மூன்று, நான்கு மாதம் ஆவது சாதாரணம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டி, வீங்கி, அங்கே குருத்தெலும்பு போன்ற மென்மையான திசு வளரும். அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியாகும். அப்புறம் உடல் அதைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும். இந்தக் கடைசி வேலை வருடக்கணக்கில் நடக்கும். ஆறாவது வாரத்தில் எக்ஸ்ரேயில் கோடு தெரிகிறது என்பதற்காக அப்பாவின் எலும்பு தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

சாதாரண முறிவை வேகமாகக் கூட்டும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இன்றைக்கு இல்லை. கால்சியமோ வைட்டமின் டியோ உடலில் குறைவாக இருந்தால் அதை நிரப்பியாக வேண்டும். குறைவில்லாதவருக்கு மேலும் மேலும் கொடுப்பதால் எலும்பு அவசரப்படாது. அதனால் அந்தப் பொதிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ரத்தத்தில் வைட்டமின் டி அளவு பார்க்கச் செலவிடுங்கள். குறைவு இருந்தால் மருத்துவர் எழுதித் தரும் தனி வைட்டமின் டி போதும்.

கால்சியம் வாங்குவதென்றால் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்றால் அதில் உண்மையான கால்சியம் 500 மில்லிகிராம்தான். சிட்ரேட் வகையில் இன்னும் குறைவு, ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே தேறும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவை 1000 முதல் 1200 மில்லிகிராம், அதுவும் சாப்பாட்டில் கிடைப்பதையும் சேர்த்து. ஒரே வேளையில் 500க்கு மேல் விழுங்கினால் உடல் சரியாக எடுத்துக்கொள்ளாது. கார்பனேட்டைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், சிட்ரேட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

கொலாஜென் பொடி வயிற்றுக்குள் போனதும் மற்றப் புரதங்களைப் போலவே செரிந்து உடைந்துபோகும். அப்பா சரியாகச் சாப்பிடவில்லை என்றால் புரதம் நிச்சயம் வேண்டும், ஆனால் அதைச் சாப்பாட்டிலேயே கூட்டலாம். கே2 தான் எனக்குக் கவலை தருகிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். அப்பாவின் மருந்துச்சீட்டில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கடைசியாக ஒன்று: அப்பா புகை பிடிப்பவர் என்றால் அதை நிறுத்துவதற்கு ஈடாக எந்தப் பொதியாலும் உதவ முடியாது. புகை எலும்புக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. புகைப்பவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமாவதும், கூடாமலே போவதும் அதிகம்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. டெரிபாரடைட் என்ற ஊசியை எழுதியிருக்கிறார்கள். தினமும் போட வேண்டுமாம். கேட்ட விலைக்கு மயக்கமே வந்துவிட்டது. மணிக்கட்டு சீக்கிரம் கூட இது அவசியமா?

இந்தக் கேள்வியை மருத்துவரிடம் வேறு மாதிரி கேளுங்கள்: "இது இந்த முறிவுக்கா, இல்லை அம்மாவின் எலும்புப்புரைக்கா?" எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்தான் எலும்புப்புரை. பதிலைப் பொறுத்துத்தான் இந்தச் செலவு தகுமா என்று சொல்ல முடியும்.

டெரிபாரடைட் என்பது நம் உடலில் சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோனின் ஒரு துண்டு. புது எலும்பை வளரச் செய்யும் மிகச் சில மருந்துகளில் ஒன்று. 2002ல் அமெரிக்காவில் எலும்புப்புரைக்காக ஒப்புதல் பெற்றது. முறிவை விரைவாகக் கூட்டுவதற்கு அந்த ஒப்புதல் இல்லை.

அதற்காகச் சோதித்துப் பார்த்ததும் உண்டு. மாதவிடாய் நின்ற, மணிக்கட்டு முறிந்த 102 பெண்களிடம் நடந்த ஆய்வு 2010ல் வெளியானது. மருந்தில்லாத சும்மா ஊசி போட்டவர்களில் பாதிப் பேருக்கு எலும்பு கூடியது எக்ஸ்ரேயில் தெரிய 9.1 வாரம் ஆனது. 20 மைக்ரோகிராம் போட்டவர்களுக்கு 7.4 வாரம். ஆனால் ஆய்வாளர்கள் முக்கியமாகச் சோதித்தது 40 மைக்ரோகிராமை. அந்த அளவில் 8.8 வாரம், அதாவது சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. குறைந்த அளவு உதவி, கூடுதல் அளவு உதவவில்லை என்றால் அந்த முடிவை நம்பி ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இடுப்பருகே தொடை எலும்பின் கழுத்து முறிந்தவர்களிடம் செய்த ஆய்விலும் பலன் தெரியவில்லை. ரோமோசோசுமாப் என்ற இன்னொரு எலும்பு வளர்க்கும் ஊசியையும் இடுப்பு, கீழ்க்கால் முறிவுகளில் சோதித்தார்கள். 2020ல் வந்த முடிவுகளில் அதுவும் முறிவு கூடுவதை விரைவுபடுத்தவில்லை.

ஆக, மணிக்கட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம். அம்மாவுக்கு எலும்பு அடர்த்தி மிகவும் குறைந்திருக்கிறது, முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது, அதனால்தான் எழுதினார்கள் என்றால் கதையே வேறு. நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிவதே எலும்புப்புரையின் அடையாளமாக இருக்கலாம். அடர்த்திப் பரிசோதனை செய்யாமல் ஊசியைத் தொடங்குகிறார்கள் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

வாங்குவதென்று முடிவானால் கவனிக்க வேண்டியவை நிறைய. வழக்கமான பேனாவில் 28 நாள் மருந்து இருக்கும். திறந்த 28ஆம் நாளோடு, மிச்சம் இருந்தாலும், அதைத் தூக்கிப் போட வேண்டும். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறைந்துபோனால் பயன்படுத்தக் கூடாது. கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலும் குளிர் விடக் கூடாது. கடைக்காரர் அதைச் சாதாரண அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தால் அங்கே வாங்காதீர்கள். ஊசிமுனைகள் பல சமயம் தனியாகத்தான் விற்கும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். முதலில் வந்த நிறுவனத்தின் பேனா மட்டுமல்ல, ஒப்புதல் பெற்ற நிகர் மருந்துகளும் பல நாடுகளில் உண்டு, அவை பெரும்பாலும் விலை குறைவு. மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

எலும்பில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், எலும்பில் புற்றுநோய் இருந்தவர்கள், ரத்தத்தில் கால்சியம் கூடியவர்கள் இந்த ஊசியைப் போடக் கூடாது. இரண்டு வருடத்துக்கு மேல் பொதுவாகத் தருவதில்லை. இன்னொரு விஷயமும் இருக்கிறது, விற்கும்போது யாரும் அதைச் சொல்வதில்லை. ஊசியை நிறுத்தியதும் வேறொரு மருந்தைத் தொடங்காவிட்டால் வளர்ந்த எலும்பு மெல்லக் கரைந்துவிடும். செலவு இரண்டு வருடத்தோடு முடிவதில்லை என்று தெரிந்தே தொடங்குங்கள்.

கேள்வி: முறிந்த இடத்தில் தினமும் வைத்துக்கொள்ளும் அல்ட்ராசவுண்ட் கருவியை வாடகைக்குத் தருகிறார்கள். எடுக்கலாமா?

புதிதாக ஏற்பட்ட முறிவுக்கு வேண்டாம். கீழ்க்கால் எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 501 பேரிடம் சோதித்து 2016ல் முடிவை வெளியிட்டார்கள். கருவி வைத்தவர்கள் முன்னதாக வேலைக்குத் திரும்பவும் இல்லை, எக்ஸ்ரேயில் எலும்பு முன்னதாகக் கூடவும் இல்லை.

கேள்வி: வலி மாத்திரை சாப்பிட்டால் எலும்பு கூடாது என்கிறார்களே?

எல்லா வலி மாத்திரையும் அல்ல. பாரசிட்டமாலைப் பற்றி அந்தக் கவலை இல்லை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், இண்டோமெத்தசின் வகைதான் சந்தேகத்துக்கு உள்ளானது. எலும்பு கூடுவதற்கு ஆரம்ப வீக்கம் தேவை, இவை அந்த வீக்கத்தை அடக்குகின்றன. முதல் சில நாட்கள் மருத்துவர் எழுதிய அளவில் எடுப்பதற்குப் பயப்பட வேண்டாம். சீட்டு இல்லாமல் வாரக்கணக்கில் நீங்களே வாங்கி விழுங்குவதுதான் கூடாது, அதில் வயிறும் சிறுநீரகமும் கூடக் கெடும்.

கேள்வி: எலும்பு கூட என்று ஒரு மூலிகை கேப்சூல் வாங்கினோம். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. அப்படியென்றால் நல்ல மருந்துதானே?

இரண்டே நாளில் பறந்தது என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. மூலிகை என்று விற்கும் வலி மருந்துகளில் ஸ்டீராய்டையும் வலி மருந்தையும் சொல்லாமல் கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன. ஸ்டீராய்டு வலியை உடனே அடக்கும். நாள்பட எடுத்தால் எலும்பையே அரிக்கும், சர்க்கரையை ஏற்றும். உள்ளே என்ன, எத்தனை மில்லிகிராம், யார் தயாரித்தது, உரிம எண் என்ன என்ற விவரம் பெட்டியில் இல்லையென்றால் அதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஆனால் பல வாரமாகச் சாப்பிட்டிருந்தால் நீங்களாகவே சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். ஸ்டீராய்டு இருந்தால் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும், திடீரென நிறுத்துவது ஆபத்து. பெட்டியையும் பில்லையும் எடுத்துக்கொண்டு இன்றே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை ஆயிற்று. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, நடக்கிறார். இப்போது போய் வாரம் ஒரு மாத்திரை என்று அலெண்ட்ரோனேட் எழுதுகிறார்கள். கூடிய எலும்புக்கு எதற்கு மருந்து?

இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் தயங்காமல் வாங்குங்கள் என்று நான் சொல்லும் மருந்து இது ஒன்றுதான். கூடிய எலும்புக்கு அல்ல, அடுத்து முறியக்கூடிய எலும்புக்கு. இதே குடும்பத்தைச் சேர்ந்த சோலெட்ரானிக் அமிலத்தை இடுப்பு முறிவுக்கான அறுவைச் சிகிச்சை முடிந்த 90 நாளுக்குள் தொடங்கி, வருடம் ஒரு முறை ரத்தக்குழாயில் ஏற்றிப் பார்த்தார்கள். புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன, இறப்பும் குறைந்தது. ஆய்வு வெளியானது 2007ல். ஆனாலும் இடுப்பு முறிந்து வீடு திரும்பும் எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு மருந்தை யாரும் எழுதித் தருவதே இல்லை. பாட்டியின் மருத்துவர் எழுதியிருக்கிறார், நல்லது.

காப்புரிமை எப்போதோ முடிந்த மருந்து, ஆகையால் விலை குறைந்த பொதுப்பெயர் மாத்திரையே போதும். காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். அதுவரை எதுவும் சாப்பிடவும் கூடாது, சாப்பிட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையை அன்றைக்கு வேறு வேளைக்குத் தள்ளிவிடுங்கள். பாட்டியால் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாது என்றால், அல்லது விழுங்குவதில் சிரமம் இருந்தால், இந்த மாத்திரையை வாங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். வருடம் ஒரு முறை ஏற்றும் மருந்து அவருக்குப் பொருந்துமா என்று சிறுநீரகப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள்.