மஸ்கட்டில் விருந்தாளியாக

கேள்வி: மஸ்கட்டில் ஒரு நிறுவனத்தில் கணக்கராகச் சேர்ந்திருக்கிறேன். ரூவியில் நம் ஊர்க்காரர்களுடன் அறை எடுத்துத் தங்கியிருப்பதால், உள்ளூர்க்காரர்களோடு பழக்கம் அலுவலகத்தோடு சரி. உடன் பணிபுரியும் ஓமானியர் ஒருவர் வெள்ளிக்கிழமை தம் வீட்டுக்கு வரும்படி இரண்டு முறை அழைத்துவிட்டார். ஒப்புக்கு அழைக்கிறாரா என்று தெரியவில்லை. நான் சைவம் என்பதால் தயக்கம் வேறு. போகலாமா?
- வாசகர், மஸ்கட்

பதில்: அவசியம் போய் வாருங்கள். ஒப்புக்கு அழைப்பவர் இரண்டாம் முறை நினைவு வைத்துக்கொண்டு அழைக்க மாட்டார். சைவம் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். குஜராத்தி வணிகர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நகரம் அது. பழைய மஸ்கட்டில் சிவன் கோயிலே இருக்கிறது. ஆகவே, இறைச்சி உண்ணாதவர்கள் அங்கே புதியவர்கள் அல்லர். சொல்லாமல் போய், உங்களுக்கென்றே சமைத்த இறைச்சியைத் தட்டில் ஒதுக்கி வைப்பதுதான் வீட்டாரை வருத்தும்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மஜ்லிஸ் எனப்படும் வரவேற்பறைக்குள் நுழைந்ததும், அங்கிருக்கும் பெரியவர்களுக்கு முதலில் சலாம் சொல்லுங்கள். நலம் விசாரிப்பு நீளும். உங்கள் உடல்நலம், ஊர், பெற்றோர் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அவசரப்படாமல் பதில் சொல்லி, நீங்களும் அவ்வாறே விசாரியுங்கள். ஆனால், மனைவியைப் பற்றித் தனியாகக் கேட்காமல் குடும்பத்தார் நலமா என்று பொதுவாகக் கேட்பதே முறை.

பிறகு பேரீச்சம்பழமோ, குங்குமப்பூ மணக்கும் ஓமானிய அல்வாவோ வரும்; கூடவே ஏலக்காய் சேர்த்த கஹ்வா எனப்படும் அரபுக் காப்பி. ஊற்றுபவர் இடக்கையில் கூஜாவும் வலக்கையில் கைப்பிடியில்லாத சிறு கிண்ணமுமாக நின்று, அடியில் கொஞ்சம் மட்டும் ஊற்றித் தருவார். அளவு குறைவாக இருக்கிறதே என்று எண்ண வேண்டாம்; சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்து, மறுபடி வாங்கிக்கொள்வதற்கான அளவு அது. வலக்கையால் வாங்குங்கள். போதுமென்றால் கிண்ணத்தை இலேசாக இப்படியும் அப்படியும் ஆட்டித் திருப்பிக் கொடுங்கள். ஆட்டாமல் நீட்டினால் மறுபடியும் ஊற்றுவார். முதல் கிண்ணத்தையே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அரபு நாடுகளின் இந்தக் காப்பி மரபையும் மஜ்லிஸையும் யுனெஸ்கோ 2015-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்த வீட்டுக்காரருக்கோ அது அன்றாட வழக்கம். அதில் உங்களைச் சேர்த்துக்கொள்கிறார் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

சாப்பாடு பெரும்பாலும் தரையில் விரிப்பின்மேல், ஒரே தாம்பாளத்தைச் சுற்றி அமர்ந்து நடக்கும். கையால் உண்டு பழகிய நமக்கு அதில் சங்கடமே இல்லை. உங்கள் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுத்து உண்ணுங்கள். சாம்பிராணிப் புகை சுற்றி வந்துவிட்டால் விடைபெறும் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள்.

கேள்வி: ரமலான் மாதத்தில் முஸ்லிம் அல்லாதவர்கள் ஓமானில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
- வாசகி, சலாலா

பதில்: பகலில் பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் புகைப்பதும் சட்டப்படி குற்றம், தண்ணீருக்கும் இது பொருந்தும். முஸ்லிம் ஊழியர்களுக்கு அம்மாதம் நாளுக்கு 6 மணி நேர வேலைதான் என்பதால், அவர்களிடம் ஆக வேண்டியதைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். இஃப்தாருக்கு அழைப்பு வந்தால், சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

கேள்வி: விருந்து வைத்தவருக்கு என்ன கைம்மாறு செய்வது? விலையுயர்ந்த பரிசு வாங்கலாமா?
- வாசகர், சோஹார்

பதில்: வேண்டாம். போகும்போது பழமோ இனிப்போ போதும். பிறகு ஒரு நாள் அவரை உங்கள் இருப்பிடத்துக்கு அழையுங்கள். அறை சிறியதாயிற்றே என்று கூச்சப்பட்டு, கடைசி வரை அழைக்காமலே ஊர் திரும்பியவர்கள் பலர். அந்தக் கூச்சம் தேவையற்றது. வாழையிலை போட்டுச் சோறு, சாம்பார், பாயசம் என்று மரக்கறிச் சாப்பாடாகவே பரிமாறலாம். ஹலால் பற்றிய கவலையும் இராது. காரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், ஓமானியச் சமையலில் அவ்வளவு மிளகாய் கிடையாது.