வேலையின்மை குறைகிறது என்கிறார்கள், தாராவியில் ஏன் அப்படித் தெரியவில்லை?

குறைந்தது உண்மைதான். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், நாடு முழுதும் 2017-18இல் 6.1 சதவீதமாக இருந்த வேலையின்மை 2023-24இல் 3.2 ஆனது. நகரங்களில் மட்டும் 5.1. ஆனால் யாரை ‘வேலையில் இருப்பவர்’ என்று எண்ணுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இந்தக் கணக்கில், வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும். வாராந்திர அளவுகோல் இன்னும் தாராளம்: ஏழு நாளில் ஒரு மணி நேரம்! தாராவியில் விடியற்காலையில் அம்மா இட்லி அவிக்கிறார், பி.காம் முடித்த மகன் மாவு அரைத்து, பாத்திரத்தை சைக்கிளில் கட்டிக் கொடுக்கிறான் என்று வையுங்கள். அவனுக்குச் சம்பளமாக ஒரு பைசா கிடையாது. ஆனாலும் வீட்டுத் தொழிலுக்குக் கைகொடுப்பதால் அவனும் வேலையில் இருப்பவன்தான். தோல் பட்டறையில் ஆர்டர் குறைந்து, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கூலிக்குப் போகிறவரும் அப்படியே. வேலை தேடி அலுத்துப்போய்த் தேடுவதையே விட்டவரோ இந்த விகிதத்துக்குள்ளேயே வரமாட்டார்; வேலையில் இருப்பவரையும் தேடுபவரையும் மட்டும்தான் அதில் எண்ணுகிறார்கள்.

அப்புறம், நல்ல வேலை வரும்வரை சும்மா இருக்கவும் வசதி வேண்டுமே; அது இல்லாதவர் கிடைத்த வேலையைச் செய்துவிடுவார். படித்தவர்களிடையே வேலையின்மை அதிகமாகப் பதிவாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2025 முதல் வேலையின்மை எண் மாதாமாதம் வருகிறது. அதன் ஏற்ற இறக்கத்தைவிட, இதே கணக்கெடுப்பின் ஆண்டறிக்கையில் மாதச் சம்பளக்காரர்களின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள்; எப்படிப்பட்ட வேலை கிடைக்கிறது என்பது அதில்தான் தெரியும்.