ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் பெரிய வேலை

கேள்வி இது: "என் அக்காவுக்கு அடுத்த மாதம் எடை குறைப்பு ஆபரேஷன், ஸ்லீவ் முறை. அதற்குப் பிறகு என்ன சாப்பிடலாம், எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும், எத்தனை நாளில் பழையபடி நடமாடலாம்? ஆபரேஷன் முடிந்து பத்தாவது வாரம் வீட்டில் ஒரு கல்யாணம் வேறு இருக்கிறது. பந்தியில் உட்கார முடியுமா?"

எனக்கு இதே ஆபரேஷன் நடந்து இரண்டரை வருடம் ஆகிறது. திருச்சியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆபரேஷன் அன்று 109 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். ஒரு வருடத்தில் 76 கிலோவுக்கு வந்தேன், இப்போது 79. நான் டாக்டர் இல்லை. அக்காவின் டாக்டரும் டயட்டீஷியனும் எழுதிக் கொடுப்பது ஒன்று, நான் சொல்வது வேறு ஒன்று என்றால் அவர்கள் சொல்வதையே கேட்கட்டும்.

எல்லோரும் பசியை நினைத்துத்தான் பயப்படுவார்கள். நானும் அப்படித்தான் பயந்தேன். ஆனால் ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பதே அப்படி எடுத்துவிடும் மேல்பகுதியில்தான். அதனால் முதல் சில மாதம் பசி என்பதே ஏதோ பழைய ஞாபகம் போல இருக்கும். மிச்சமிருப்பது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். நூறு, நூற்றைம்பது மில்லி கொள்ளும். அதுவும் ஆரம்பத்தில் உள்ளே வீங்கிப் போயிருக்கும், தையல் போட்ட விளிம்பு நெடுக ஸ்டேப்ளர் பின்கள். அந்தக் குழாய்க்குள் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது இறக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

எனக்கு வார்டில் கொடுத்தது 30 மில்லி மருந்துக் கோப்பை. கால் மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்கு. மணிக்கு நான்கு கோப்பை, 120 மில்லி. ஒன்றரை லிட்டருக்கு ஐம்பது கோப்பை, பன்னிரண்டரை மணி நேரம். அதாவது காலை ஆறரைக்கு ஆரம்பித்தால் இரவு ஏழு மணி வரை தண்ணீர் குடிப்பதே உத்தியோகம். அந்த 30 மில்லியையும் ஒரே வாயில் கவிழ்த்தால் நெஞ்சுக்கு நடுவில் கல் வைத்தது போல வலிக்கும். நாலைந்து மிடறாகத்தான் இறக்க வேண்டும்.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு தடையும் உண்டு, எந்தத் தாளிலும் எழுதியிருக்க மாட்டார்கள். சின்ன வயதிலிருந்து அண்ணாந்து குடித்துப் பழகிய வாய் நம்முடையது. அண்ணாந்து ஊற்றும்போது மிடறு பெரிதாகப் போகும், கூடவே காற்றையும் விழுங்குவோம். பழைய வயிற்றுக்கு அது பொருட்டே இல்லை. புது வயிற்றில் அந்தக் காற்றே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வாய் வைத்து உறிஞ்சிக் குடியுங்கள் என்று நர்ஸ் சொன்னபோது சரி என்றேன். வீட்டுக்கு வந்து சொம்பை எடுத்ததும் கை தானாக மேலே போனது. அன்று மதியம் முழுக்க ஏப்பமும் வலியும்தான்.

என் மாமியார் எச்சில் விஷயத்தில் மிகக் கறார். நான் டம்ளரில் வாய் வைப்பதை இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பரணிலிருந்து என் பையனுக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையைத் தேடி எடுத்து, புளி போட்டுத் துலக்கிக் கொண்டுவந்து வைத்தார். "பச்சைப் பிள்ளை வயிறுதானே இப்போ உனக்கு? இதுல குடி." சிரிஞ்சால் அளந்து பார்த்தேன், 12 மில்லி பிடித்தது. ஒரு பாலாடை, ஒரு நிமிடம் இடைவெளி, அடுத்த பாலாடை. எனக்கு அதைவிடப் பொருத்தமான பாத்திரம் எந்தக் கடையிலும் கிடைத்திருக்காது. ஸ்ட்ரா மட்டும் வேண்டாம், அதிலும் காற்று சேர்ந்தே போகும். கோலி சோடா, கோலா வகைகளுக்கும் அதே காரணம்.

இவ்வளவு தெரிந்தும் பன்னிரண்டாம் நாள் நான் கோட்டை விட்டேன். மே மாதம், திருச்சி வெயில். ஒரு கையெழுத்துக்காக பாங்குக்குப் போய் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன், பாட்டிலை எடுத்துப் போகவில்லை. போதாக்குறைக்கு, நிறுத்தச் சொல்லியிருந்த பழைய பிரஷர் மாத்திரையைப் பழக்க தோஷத்தில் காலையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அதில் சிறுநீரைக் கூடுதலாகப் பிரிக்கும் மருந்தும் சேர்ந்தது. வீட்டு வாசற்படியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அன்று சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போனது. இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றி மறுநாள் அனுப்பினார்கள். இந்த ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் மறுபடி மருத்துவமனைக்கு வருவதற்கு நீர்ச்சத்துக் குறைவு முக்கியமான காரணங்களில் ஒன்று என்று அப்போதுதான் விளக்கினார்கள். ஆகவே அக்காவிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். இரண்டு, சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளில் எது தொடரும், எது நிற்கும், எது பாதியாகும் என்று டிஸ்சார்ஜ் அன்றே ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நிறுத்திய மாத்திரை அட்டையை வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம்.

அப்புறம் சாப்பாடு. ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்த உணவு கொடுப்பார்கள். ஈரலின் இடது மடல் இரைப்பைக்கு மேலே படுத்திருக்கிறது. அதில் கொழுப்பு சேர்ந்து பெருத்திருந்தால் டாக்டருக்கு உள்ளே வழி கிடைப்பது கஷ்டம். அதைச் சுருக்கத்தான் அந்த இரண்டு வாரம். இதில் யாரும் ஏமாற்ற வேண்டாம்.

பிறகு படிப்படியாகப் போகும். முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர் ஆகாரம் மட்டும்: வெந்நீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காரமில்லாத ரசத் தெளிவு, இளநீர். அதிலிருந்து இரண்டாம் வாரம் முடிய பால், மோர், புரோட்டீன் பவுடர் கலந்த பானம். மூன்று, நான்காம் வாரம் அரைத்த உணவு. ஐந்து, ஆறில் குழைந்த உணவு. அதற்கப்புறம் மெல்ல மெல்ல வழக்கமான சாப்பாடு. வாரக் கணக்கு டாக்டருக்கு டாக்டர் கொஞ்சம் மாறும், வரிசை பெரிதாக மாறாது.

இரண்டாம் வாரத்துக்குள் அந்த இனிப்பான புரோட்டீன் பானம் வெறுத்துப் போகும். எனக்கு வெனிலா வாசனை இன்றைக்கும் ஆகாது. வாசனை இல்லாத பவுடராக வாங்கி, சூடு ஆறிய பருப்புத் தண்ணீரில் கலந்து, சீரகப் பொடி ஒரு சிட்டிகை போட்டுக் குடித்தேன். கொதிக்கக் கொதிக்கக் கலந்தால் திரிந்து கட்டி கட்டியாகிவிடும்.

புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும் என்பார்கள். நம் சமையலில் அதை எட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. ஒரு இட்லியில் 2 கிராம். ஒரு முட்டையில் 6. கால் லிட்டர் பாலில் 8. ஐம்பது கிராம் பனீரில் 9 கிராம் போல. மோரில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை, தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். அரைத்த உணவுக் காலத்தில் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து மிக்சியில் அடித்து அதில் முட்டை வெள்ளையைச் சேர்த்துக் கொதிக்கவிட்டுக் கடைந்துகொள்வேன். பார்க்க நன்றாக இருக்காது, வாய்க்குப் பரவாயில்லை. குழைந்த உணவுக்கு வந்ததும் முள் எடுத்த மீன். ஆவியில் வேகவைத்து உதிர்த்தால் மூன்று ஸ்பூன் இறங்கும். தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் மட்டும் சோறு. இந்த வரிசை எனக்கு இன்றும் மாறவில்லை.

சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. முன்னால் அரை மணி, பின்னால் அரை மணி இடைவெளி வேண்டும். இலைக்குப் பக்கத்தில் டம்ளர் வைத்தே பழகிய நமக்கு இது எளிதில் வராது. என் மேசையில் டம்ளரே வைக்காமல் பழகினேன். ரசம் சாதத்தைப் பிசைந்து உறிஞ்சிச் சாப்பிடுவதும் ஏறக்குறைய தண்ணீரோடு சாப்பிடுவதுதான். வழுக்கிக்கொண்டு போய்விடும், வயிறு நிறைந்ததே தெரியாது. எடை நின்றுபோன மாதங்களை எண்ணிப் பார்த்தால் எல்லாம் நான் ரசம் சாதத்தில் வாழ்ந்த மாதங்கள்.

ஏழாம் வாரம் நாத்தனார் வீட்டில் ஒரு சப்பாத்தித் துண்டு சிக்கியது. பேச்சு சுவாரசியத்தில் மெல்லாமல் விழுங்கிவிட்டேன். மூச்சு வருகிறது, ஆனால் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ முட்டியை வைத்து அழுத்துவது போல. வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது. இருபது நிமிடம் குளியலறையில் நின்று வெள்ளை வெள்ளையாக நுரை துப்பினேன். வாந்தி இல்லை, வெறும் நுரை. அந்த நேரத்தில் தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்கக் கூடாது, மேலே தேங்கி வலி கூடும். நின்றபடி, நடந்தபடி காத்திருந்தால் போய்விடும். மணிக்கணக்கில் போகவில்லை, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் மருத்துவமனை. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று பாட்டி சொன்னபோது சிரித்த ஆள் நான். இப்போது ஒரு வாய்க்கு இருபது முறை எண்ணி மெல்கிறேன். போதும் என்று வயிறு சொல்வதற்கும் ஆளுக்கு ஒரு அடையாளம் உண்டு. எனக்கு மூக்கு ஒழுகும். அதற்கு மேல் ஒரு வாய் வைத்தாலும் வம்புதான்.

நடமாட்டத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் நடந்த அன்று மாலையே நடக்க வைத்தார்கள். காலில் ரத்தம் உறையாமலிருக்க அது அவசியம். மூன்று பந்து இருக்கும் கருவியை உறிஞ்சி மூச்சுப் பயிற்சியும் உண்டு. ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் ஏற்றிய வாயு தங்கி, சம்பந்தமே இல்லாமல் தோள்பட்டை வலித்தது. நடக்க நடக்கக் குறைந்தது. மூன்றாம் நாள் வீடு, மூன்றாம் வாரம் அலுவலகம். தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர், இடுப்புக் குழந்தை எதையும் ஆறு வாரம் தூக்கக் கூடாது.

பயப்பட வேண்டியவற்றைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120க்கு மேல் அடித்தால், காய்ச்சல் வந்தால், வயிற்று வலி கூடிக்கொண்டே போனால் தையல் விளிம்பில் கசிவாக இருக்கலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும், மலம் கறுப்பாகப் போனாலும் ஆபத்துதான். காலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது, அந்த நேரமே கிளம்ப வேண்டும். வாந்தி நிற்காமல் தொடர்ந்தாலும் சாதாரணமாக விடாதீர்கள். உடம்பில் பி1 வைட்டமின் சீக்கிரம் தீர்ந்துபோய் மூளை நரம்பு வரை பாதிக்கும்.

வைட்டமின் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. பி12, இரும்பு, கால்சியம், டி. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைக் காப்பி, டீயோடு சேர்த்தால் உடம்பில் ஒட்டாது. நான்காம் மாதம் எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சீப்பைப் பார்த்து அழுதிருக்கிறேன். எடை வேகமாக இறங்கும்போது மூன்றாம் மாதத்திலிருந்து இப்படி நடப்பது வழக்கம்தான். எனக்கு எட்டாம் மாதம் நின்று, திரும்ப முளைத்தது. பித்தப்பையில் கல் வராமலிருக்க ஆறு மாதம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அக்காவுக்குக் குழந்தை பெறும் திட்டம் இருந்தால் ஒன்று, ஒன்றரை வருடம் தள்ளிப்போடச் சொல்வார்கள். அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். பத்தாவது வாரத்தில் தாராளமாகப் பந்தியில் உட்காரலாம். ஆனால் பரிமாறுபவர் கை நம் வயிற்றுக்காக நிற்காது, அதனால் முழு இலையின் முன் தனியாக உட்கார வேண்டாம். நான் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இலையின் ஓரத்திலிருந்து பருப்பு இரண்டு ஸ்பூன், கூட்டு ஒரு ஸ்பூன் எடுத்துக்கொள்வேன். வடை, அப்பளம், பாயசம் எதுவும் தொடுவதில்லை. ஸ்லீவிலும் இனிப்பு சிலருக்குப் படபடப்பைக் கிளப்பும், இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் இன்னொரு எடை குறைப்பு ஆபரேஷன்) செய்தவர்களுக்கு இன்னும் அதிகம். என்னோடு வார்டில் இருந்த திருநெல்வேலிக்கார அண்ணாச்சி பைபாஸ் செய்தவர். சர்க்கரைப் பொங்கல் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அடுத்த கால் மணி நேரம் வேர்த்து விறுவிறுத்துப் படுத்திருந்தாராம். "என்னம்மா இலையில ஒண்ணுமே இல்ல" என்று யாராவது கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். முதல் பந்தியிலேயே சாப்பிட்டாச்சு என்று சொல்லிவிடச் சொல்லுங்கள். பையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும், மண்டபத்தில் புழுக்கம் அதிகமாக இருக்கும்.