இப்போது என்ன விளையாடுகிறீர்கள்? – வீடியோ கேம் கேள்வி பதில்

25 வருடமாக விளையாடுகிறேன். விரல் வேகம் குறைந்துவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை. "விளையாடிக்கொண்டிருக்கும் கேம் பற்றி எதுவும் கேளுங்கள்" என்றதற்கு வந்தவற்றில் பாதி "எது நல்ல கேம்?" என்ற ஒரே கேள்விதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எவ்வளவு நேரம் இருக்கிறது, பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள், தோற்றால் கோபம் வருமா சிரிப்பு வருமா என்று சொன்னவர்களுக்குத்தான் உருப்படியாக ஏதாவது சொல்ல முடிந்தது.

கேள்வி: எல்லாரும் புகழ்கிறார்களே என்று எல்டன் ரிங் ஆரம்பித்தேன். வெளியே வந்ததும் தங்கக் கவசம் போட்ட குதிரைக்காரன் ஒருவன் நிற்கிறான். அவனிடமே பத்து முறை செத்துவிட்டேன். எனக்கு இது ஒத்துவராதோ?

ஒத்துவரும். திறமை போதாமல் நீங்கள் சாகவில்லை, இப்போது போகக் கூடாத இடத்துக்குப் போய்ச் செத்திருக்கிறீர்கள். அந்த ட்ரீ சென்டினலை வாசலிலேயே நிறுத்தியிருப்பது, "கண்ணில் பட்ட எல்லாரோடும் இப்போதே மோத வேண்டாம்" என்று உங்களுக்குச் சொல்லத்தான். அவனைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கிப் போங்கள்.

கேட்ஃப்ரன்ட் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கிரேஸ் ஒளியில் (இளைப்பாறும் இடம்) உட்கார்ந்தால் மெலினா என்ற பெண் வருவாள். லெவல் ஏற்றும் வசதியும் டோரண்ட் என்ற குதிரையும் அவள் மூலம்தான் கிடைக்கும். குதிரை கிடைத்த கையோடு, ஆரம்பத்தில் கடந்து வந்த எல்லே தேவாலயத்துக்கு இரவு நேரத்தில் ஒருமுறை திரும்பிப் போங்கள். அங்கே ஒரு சூனியக்காரி உட்கார்ந்திருப்பாள், ஒரு மணி கொடுப்பாள். அதை அடித்தால் மூன்று ஓநாய்கள் துணைக்கு வரும். நிறைய பேர் இதைத் தெரியாமலே தாண்டிப் போய்விட்டு, "தனியாகச் சமாளிக்க முடியவில்லை" என்று புலம்புகிறார்கள்.

அப்புறம் ரூன்கள், அதாவது எதிரிகளைக் கொன்றால் கிடைக்கும், லெவல் ஏற்றச் செலவாகும் காசு. முதலில் கிடைப்பதையெல்லாம் உயிர் அளவைக் கூட்டும் விகர் மேல் போடுங்கள். புதியவர்கள் கத்தியின் பலத்தைத்தான் ஏற்றுவார்கள். ஒரே அடியில் விழுகிறவனுக்குப் பெரிய கத்தி எதற்கு? தூக்கிச் சுமக்கும் எடை 70 சதவீதத்தைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் அடியிலிருந்து தப்ப உருளும்போது மூட்டை மாதிரி விழுவீர்கள். உருளும் திசையும் முக்கியம். பயத்தில் பின்னால் உருளத் தோன்றும், ஆனால் எதிரியின் வாள் நீளம், அங்கேயும் எட்டும். பக்கவாட்டிலோ அவனை நோக்கியோ உருண்டால் அடி உங்களைத் தாண்டிப் போகும், முதுகும் உங்கள் பக்கம் திரும்பும்.

கோட்டை வாசலில் மார்கிட் என்ற பாஸ் (பெரிய எதிரி) மறிப்பான். மூன்று நான்கு முறைக்கு மேல் அவனோடு மல்லுக்கட்டாதீர்கள். தெற்கே வீப்பிங் பெனின்சுலா என்று ஒரு முழுப் பகுதியே இருக்கிறது. அதைச் சுற்றிவிட்டு வாருங்கள், அதே மார்கிட் பாதி ஆளாகத் தெரிவான். இந்த கேமில் "ஈஸி" மெனுவில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது.

கேள்வி: குழந்தை தூங்கிய பிறகு அரை மணி நேரம் கிடைக்கும். அதற்குள் முடிகிற மாதிரி ஏதாவது?

பலாட்ரோ. 2024இல் வந்தது, ஒரே ஒருவர் செய்தது. சீட்டுக்கட்டில் ஜோடி, ஃப்ளஷ் என்று போக்கர் கைகளைச் சேர்த்து மதிப்பெண் எடுக்க வேண்டும். ஆனால் உண்மையான விளையாட்டு 150 ஜோக்கர்களில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஜோக்கரும் ஒரு விதியை உடைக்கும். போக்கர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்தக் கை பெரியது என்ற பட்டியல் திரையிலேயே உண்டு.

இரண்டு விஷயம் தெரிந்தால் முதல் வெற்றி சீக்கிரம் வரும். ஜோக்கர்கள் இடமிருந்து வலமாக வேலை செய்யும். அதனால் பெருக்கெண்ணோடு (கையின் புள்ளிகளைப் பெருக்கும் எண்) கூட்டுகிறவற்றை இடப்பக்கமும், அதைப் பெருக்குகிறவற்றை வலப்பக்கமும் வையுங்கள். இடம் மாற்றினாலே மதிப்பெண் பல மடங்கு மாறும். இரண்டாவது, கையில் இருக்கும் ஒவ்வொரு 5 டாலருக்கும் சுற்று முடிவில் 1 டாலர் வட்டி, அதிகபட்சம் 5. ஆகவே 25 டாலரைத் தொடாமல் வைத்துக்கொண்டு அதற்கு மேல் இருப்பதை மட்டும் செலவு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அரை மணி நேரம் என்று உட்கார்ந்து நான் விடியும் வரை எழுந்திருக்காத கேம் இது. நல்லவேளையாக நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கேள்வி: 30 ஃபிரேம், 60 ஃபிரேம் என்று சண்டை போடுகிறார்களே, உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

தெரியும். ஒரு நொடியில் திரையில் மாறும் படங்களின் எண்ணிக்கை அது. 30இல் ஒரு படம் சுமார் 33 மில்லி செகண்ட் நிற்கும், 60இல் சுமார் 17. சண்டை, பந்தயம் என்றால் பட்டனை அழுத்தியதும் பாத்திரம் அசைவதைக் கையே உணரும். மெதுவான கதை கேம் என்றால் பத்து நிமிடத்தில் பழகிவிடும். உறுத்துவது குறைந்த எண்ணிக்கை அல்ல, ஏறி இறங்கும் எண்ணிக்கை. 40க்கும் 60க்கும் நடுவே தள்ளாடுவதை விட நிலையான 30 மேல்.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. செல்போனில் மிட்டாய் சேர்க்கும் புதிர் மட்டும் விளையாடுவார். கன்ட்ரோலரைக் கொடுத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். எப்படிப் பழக்குவது, அண்ணா?

தம்பி, அம்மா சுவரைப் பார்ப்பதற்குக் காரணம் வயதில்லை. இடது கட்டைவிரலால் ஒரு ஸ்டிக்கைத் தள்ளி நடக்க வேண்டும், அதே நேரத்தில் வலது கட்டைவிரலால் இன்னொரு ஸ்டிக்கைத் தள்ளிப் பார்வையைத் திருப்ப வேண்டும். நாம் சின்ன வயதிலேயே இதைக் கற்றுக்கொண்டதால் இது ஒரு வித்தை என்பதையே மறந்துவிட்டோம். முதல் கேமுக்கு அந்த இரண்டாவது ஸ்டிக்கே தேவைப்படக் கூடாது.

ஸ்டார்டூ வேலி கொடுத்துப் பாருங்கள். பார்வை மேலிருந்து, திருப்ப ஒன்றும் இல்லை. பாழடைந்த பண்ணை ஒன்று, 15 பார்ஸ்னிப் விதைகள், ஒரு பூவாளி. அதிலிருந்து ஆரம்பம். எரிக் பரோன் நான்கரை வருடம் தனியாக உட்கார்ந்து செய்து 2016இல் வெளியிட்டார், இன்றும் கூட்டம் குறையவில்லை. அம்மாவிடம் முன்கூட்டியே மூன்று மட்டும் சொல்லுங்கள்: ஒவ்வொரு பருவத்துக்கும் 28 நாள்தான், பருவம் மாறினால் பெரும்பாலான பயிர் அன்றே வாடிவிடும், இரவு 2 மணிக்குள் படுக்கைக்குப் போகாவிட்டால் மயங்கி விழுவார். மீன் பிடிப்பதை முதல் வாரம் தொட வேண்டாம். எனக்கே அதில் கை நடுங்கும்.

விவசாயம் பிடிக்கவில்லை என்றால் அன்பேக்கிங். ஒரு பெண் வீடு மாறும்போதெல்லாம் பெட்டிகளைப் பிரித்துச் சாமான்களை அடுக்க வேண்டும், அவ்வளவுதான். வசனமே கிடையாது, ஆனால் எந்தச் சாமானுக்கு எந்த வீட்டில் இடம் கிடைக்கவில்லை என்பதிலேயே ஒரு வாழ்க்கை தெரியும். அம்மாக்களுக்கு இது நம்மை விடச் சீக்கிரம் புரியும். முக்கியமான ஒன்று: அவர் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கி "இப்படி" என்று காட்டாதீர்கள்.

கேள்வி: கணவருடன் சேர்ந்து விளையாட ஒன்று சொல்லுங்கள். நான் சுமாராக விளையாடுவேன், அவர் புதியவர்.

இட் டேக்ஸ் டூ. விவாகரத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு ஜோடி பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள், மீண்டுவர இருவரும் ஒத்துழைத்தே ஆக வேண்டும். ஒருவர் கையில் ஆணி என்றால் மற்றவர் கையில் சுத்தியல். ஆகவே நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரை விட்டுவிட்டு ஓட முடியாது. ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் நண்பர் பாஸில் இணையத்தின் வழியே சேரலாம். பக்கத்தில் உட்கார்ந்தால் அதுவும் வேண்டாம். ஆனால் இரண்டு ஸ்டிக்கும் தேவைப்படும் கேம் இது, முதல் ஒரு மணி நேரம் பொறுமை வேண்டும். யானை பொம்மை வரும் காட்சியில் இருவரும் என்னைத் திட்டுவீர்கள். திட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாத்திரத்தின் கண் வழியாகப் பார்க்கும் கேம்களில் கால் மணி நேரத்தில் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது.

"நகர்கிறோம்" என்கிறது கண், "உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது உள்காது. அந்தச் சண்டைதான் குமட்டல். செட்டிங்ஸில் முதலில் மோஷன் பிளரை (அசையும்போது படம் மங்குவது) நிறுத்துங்கள், நடக்கும்போது தலை ஆடுவதையும் கேமரா குலுக்கலையும் அணையுங்கள். பார்வைக் கோணத்தை 90க்கு மேல் கொண்டுபோக முடிந்தால் கொண்டுபோங்கள். நடுவில் ஒரு புள்ளி வைக்கும் வசதி இருந்தால் போடுங்கள், கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்கும். திரையை விட்டுத் தள்ளி, விளக்கு எரியும் அறையில் உட்காருங்கள். சுற்றல் ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அன்று முழுக்கப் போய்விடும்.

கேள்வி: பகடை உருட்டி அடிக்கும் பால்டர்ஸ் கேட் 3இல் அடி படும் வாய்ப்பு 70 சதவீதம் என்று காட்டுகிறது, தவறிக்கொண்டே இருக்கிறது. கேம் ஏமாற்றுகிறதா?

இல்லை, நம் மனம்தான் 70ஐ 100 என்று படிக்கிறது. நான்கு அடியும் தொடர்ந்து படுவதற்கான வாய்ப்பு வெறும் 24 சதவீதம். சொல்லப்போனால் கர்மிக் டைஸ் என்ற வசதி, நீங்கள் அணைக்காதவரை, தொடர் தோல்வி வராமல் உங்களுக்காகக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது. மேடான இடத்தில் நின்று எய்தால் பகடை எண்ணோடு +2 கிடைக்கும், ஒளிந்திருந்து அடித்தால் பகடையை இரண்டு முறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். பேச்சில் தோற்றதற்கெல்லாம் பழைய சேவுக்கு (சேமித்து வைத்த இடம்) திரும்பாதீர்கள். அந்தக் கேமில் தோல்விக்கும் நன்றாகவே கதை எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: ஈஸியில் வைத்து விளையாடினால் நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

அவர்களும் உதவி வாங்கித்தான் விளையாடுகிறார்கள், தெரியாமல். பல தாவும் கேம்களில் விளிம்பைத் தாண்டிய பிறகும் சில ஃபிரேம் வரை தாவ விடுவார்கள். செலஸ்ட் அதைச் செய்வதோடு, வேகத்தையே குறைக்கும் உதவி முறையையும் வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. ஹேடிஸில் காட் மோடைப் போட்டால் ஆரம்பத்தில் 20 சதவீத அடி குறையும், சாகும்போதெல்லாம் இன்னும் 2 சதவீதம். தயங்காமல் போடுங்கள்.

கேள்வி: ஜென்ஷின் இம்பாக்டில் எனக்குப் பிடித்த பாத்திரம் வந்திருக்கிறது. கொஞ்சம் பணம் போடலாமா?

கணக்கை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். குலுக்கல் சீட்டு மாதிரி ஒரு முறை இழுத்தால் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் (மிக அரியது) விழும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90ஆவது இழுப்பில் உறுதியாக ஒன்று வரும், ஆனால் அது நீங்கள் ஆசைப்பட்ட ஆளாகத்தான் இருக்கும் என்று உறுதியில்லை. தவறினால், அடுத்து வரும் ஐந்து நட்சத்திரம்தான் உறுதியாக அந்த ஆள். ஆக, மோசமான நிலையில் 180. "கொஞ்சம்" என்பது இந்த 180க்குள் எங்கோ நிற்கும் என்று நம்புவது ஆபத்து. 180க்கு வேண்டியதை விளையாடியே சேர்க்க முடிந்தால் இழுங்கள், இல்லையென்றால் விடுங்கள், பெரும்பாலான பாத்திரங்கள் மறுபடி வரும். கேம் அழகானது, சுற்றித் திரிய ஒரு காசும் வேண்டாம். அந்த இழுப்புத் திரைதான் எனக்குப் பிடிக்காதது.

கேள்வி: சண்டையே வேண்டாம், மூளைக்கு வேலை வேண்டும்.

அவுட்டர் வைல்ட்ஸ். 22 நிமிடத்துக்கு ஒருமுறை காலம் திரும்ப ஆரம்பிக்கும் ஒரு குட்டி சூரியக் குடும்பம். கூடிக்கொண்டே போவது ஆயுதமோ லெவலோ அல்ல, உங்களுக்குத் தெரிந்த விஷயங்கள் மட்டுமே. அதனால் ஒரு வரி கூட முன்கூட்டிப் படிக்காதீர்கள். நானும் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: நீங்கள் இப்போது என்ன விளையாடுகிறீர்கள்?

ஹாலோ நைட்: சில்க்சாங். 2019இல் அறிவித்து 2025 செப்டம்பரில்தான் கையில் கொடுத்தார்கள். ஆரம்பத்திலேயே பல அடிகள் இரண்டு உயிரைப் பிடுங்குகின்றன. நாயகி ஹார்னெட் கீழ்நோக்கிக் குத்துவது சாய்வாகப் போவதால், முந்தைய ஹாலோ நைட் கேமின் நேர்க்குத்துக்குப் பழகிய என் கை தினமும் முள்ளில் போய் விழுந்தது. வாண்டரர் கிரெஸ்டை (தாக்கும் முறையை மாற்றும் சின்னம்) மாட்டினால் பழையபடி நேராகக் குத்தலாம் என்று ஒருவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. மேலே பாதி பேருக்கு அறிவுரை சொன்னவன், மெனுவில் இருந்த விடையைப் பார்க்காமல் ஒரு வாரம் செத்துக்கொண்டிருந்தேன்.