15 சதவீத மிச்சம்: எஞ்சின் கணக்கும் விமானக் கணக்கும்

கேள்வி: சார், ஏர்பஸ்ஸின் புது எஞ்சின் கொண்ட ஏ320நியோ விமானம் பழைய ஏ320-ஐ விட 15 சதவீதம் எரிபொருள் மிச்சம் பிடிக்கும் என்கிறார்கள். எல்லாம் எஞ்சினாலா?

பதில்: பெரும்பங்கு எஞ்சின்தான், முழுவதும் அல்ல. அந்த 15-இல் ஷார்க்லெட்டின், அதாவது இறக்கை நுனியில் மேல்நோக்கி வளைந்து நிற்கும் பாகத்தின், பங்கும் உண்டு. 2012 கடைசியிலிருந்து பழைய ஏ320-களும் ஷார்க்லெட்டோடு வர ஆரம்பித்துவிட்டன. அவற்றோடு ஒப்பிட்டால் வித்தியாசம் குறையும். எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் 'எதைவிட?' என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: பைபாஸ் விகிதம் கூடினால் எரிபொருள் ஏன் குறைகிறது?

பதில்: எஞ்சின் மையத்துக்குள் போகாமல் விசிறி வெளிவழியாகத் தள்ளும் காற்று, மையத்துக்குள் போகும் காற்றைப்போல் எத்தனை மடங்கு என்பதுதான் பைபாஸ் விகிதம். கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளினாலும், நிறைய காற்றை நிதானமாகத் தள்ளினாலும் அதே உந்துவிசை கிடைக்கும். அதே அளவு காற்றுக்குக் கொடுக்கும் வேகத்தை இரட்டிப்பாக்கினால் விசை இரண்டு மடங்கு, செலவாகும் ஆற்றலோ நான்கு மடங்கு. அதனால் நிதானம்தான் லாபம். பழைய ஏ320-இன் சிஎஃப்எம்56 எஞ்சினில் இந்த விகிதம் சுமார் 5 முதல் 6. நியோவுக்கான லீப்-1ஏ எஞ்சினில் சுமார் 11.

கேள்வி: அப்படியானால் விசிறியை இன்னும் பெரிதாக்கலாமே?

பதில்: எடை கூடும், எஞ்சினை மூடும் கூட்டின் காற்று இழுவை கூடும், இறக்கைக்குக் கீழே இடமும் வேண்டும். போயிங் 737 தரையை ஒட்டி நிற்கும் விமானம். அதனால் அதன் லீப்-1பி விசிறி 69 அங்குலத்தோடு நின்றுவிட்டது. ஏர்பஸ்ஸுக்கான லீப்-1ஏ 78 அங்குலம். இன்னொரு சிக்கல்: பெரிய விசிறி மெதுவாகச் சுழல வேண்டும், அதை ஓட்டும் டர்பைனுக்கோ, அதாவது சூடான வாயுவால் சுழலும் சக்கரத்துக்கோ, வேகம் வேண்டும். நியோவுக்கு இன்னொரு எஞ்சின் தரும் பிராட் அண்ட் விட்னி நிறுவனம் நடுவில் கியர் வைத்தது இதற்காகத்தான். விசிறி ஒரு சுற்று சுற்றுவதற்குள் டர்பைன் சுமார் மூன்று சுற்று சுற்றிவிடும். என் பார்வையில் இந்தத் தலைமுறையின் துணிச்சலான வேலை அதுதான்.

கேள்வி: லீப் எஞ்சினில் உள்ள செராமிக் பாகங்களால் என்ன லாபம்?

பதில்: உலோகத்தைவிட அதிக வெப்பம் தாங்கும். குளிர்விக்கத் திருப்பிவிடும் காற்று மிச்சமாகும். எடையும் குறைவு.

கேள்வி: ஒரு மணி நேரப் பயணத்திலும் அதே 15 சதவீதம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. புது எஞ்சின் ஒவ்வொன்றும் பழையதைவிடச் சில நூறு கிலோ கூடுதல். அந்த எடையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். மேலே போனபின் சீராகப் பறக்கும் நேரமும் குறைவு. ஷார்க்லெட்டும் நீண்ட தூரத்தில்தான் நன்றாகக் கைகொடுக்கும்.

கேள்வி: கையில் உள்ள பயணத் தரவை வைத்து நானே ஒப்பிட முடியுமா?

பதில்: தாராளமாக. புறப்பாட்டிலிருந்து வந்து நிற்கும்வரை செலவான மொத்த எரிபொருளை எடுங்கள். ஒரே வழித்தடம், ஏறக்குறைய ஒரே எடை, காற்றின் திசையையும் கழித்துப் பாருங்கள். அப்புறம், தேய்ந்துபோன பழைய எஞ்சினைப் புத்தம் புதியதோடு நிறுத்தினால் புதியது தன் தகுதிக்கு மேல் ஜெயிக்கும். பராமரிப்பு முடித்து வந்த பழையதை எடுத்துக்கொள்ளுங்கள்.